குழாயில் கண்ட கலங்கல்

ஜப்பான்காரன் எங்கள் தீவைப் பிடித்து ஆண்ட காலத்தில், ஜார்ஜ் டவுனில் ஓர் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் நான் பயிற்சி நர்ஸ். பாடத்தில் படித்த எதுவும் கட்டிலில் படுத்திருந்தவர்களுக்குப் பொருந்தவில்லை. மாதவிலக்கு நின்றால் கர்ப்பம் என்று படித்திருந்தேன். பட்டினியில் பாதிப் பேருக்கு அது நின்றுபோயிருந்தது, எனக்கும்தான். கர்ப்பிணிக்குக் கால் வீங்கினால் ஆபத்து என்று படித்திருந்தேன். மரவள்ளிக்கிழங்கையே தின்று ஊரே கால் வீங்கித் திரிந்தது. சுவர்க் கடிகாரம்கூட டோக்கியோ நேரத்தைக் காட்டியது. எதை நம்புவது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அஞ்சலை வந்து சேர்ந்தாள். கடலுக்கு அக்கரையில் நிபோங் திபால் பக்கம் ரப்பர்த் தோட்டத்துக்காரி, ஏழு மாதம். புருஷனைச் சயாமுக்கு ரயில் பாதை போடும் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அதன் பிறகு ஒரு சேதியும் இல்லை.

"அவருக்குன்னு இது ஒண்ணுதான் மிஸ்ஸி மிச்சம்," என்று வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். முகமும் காலும் வீங்கியிருந்தன. தலைவலி வேறு.

சத்துக் குறைவால் வரும் பெரிபெரி என்றால் தவிடும் பச்சைப்பயறும் போதும், குழந்தை தங்கும். கர்ப்ப நஞ்சு என்றால் வலிப்பு வருவதற்குள் பிரசவத்தைத் தூண்டிவிட வேண்டும். ஏழு மாதக் குழந்தை அந்நாளில் பிழைக்காது. இரண்டுக்கும் வெளியே தெரிவது ஒரே வீக்கம்.

டாக்டரும் என்னைப் போல யாழ்ப்பாணத்துக் குடும்பம். வராந்தாவுக்குக் கூப்பிட்டு, "பிரஷர் பாக்கிற மெஷினை ஜப்பான்காரன் எடுத்துக்கொண்டு போயிட்டான். சிறுநீரைக் காய்ச்சிப் பாரும் பிள்ளை," என்றார்.

கண்ணாடிக் குழாயில் ஊற்றிக் காய்ச்சினேன். கலங்கியது. வெறும் உப்பாலும் கலங்கும், நஞ்சின் அடையாளமான அல்புமினாலும் கலங்கும். ஒரு துளி அசிட்டிக் ஆசிட் விட்டால் உப்புக் கலங்கல் தெளிந்துவிடும், அல்புமின் தெளியாது. வார்டிலோ ஆசிட் தீர்ந்து மாதக்கணக்காகிவிட்டது.

எலுமிச்சஞ்சாறு விட்டேன், சாறே கலங்கல். சீனக் கடைக் கறுப்பு வினிகர் விட்டேன், குழாயே கறுத்துவிட்டது. மூன்று நாள் குழாயும் கையுமாக அலைந்தேன். காலையில் பெரிபெரி என்று தைரியம் வரும், மத்தியானம் நஞ்சேதான் என்று தோன்றும். அஞ்சலையின் தலைமாட்டில் நின்று டாக்டரும் நானும் ஆங்கிலத்தில் விவாதித்துக்கொண்டே இருந்தோம். அவள் எங்கள் வாயையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

மூன்றாம் நாள் டாக்டர் அலுத்துப்போய்த் தமிழுக்கு மாறிவிட்டார். "இனியும் பாத்துக்கொண்டிருக்க ஏலாது. நாளைக்குப் பன்னீர்க்குடத்தை உடைப்பம்."

"குழந்தை, டாக்டர்?"

"தாயாவது தப்பட்டும். ஒரு துளி ஆசிட் கிடைச்சிருந்தால்..."

"ரப்பர்ப் பால் உறைய ஊத்துற ஆசிட்டா?" என்றாள் அஞ்சலை.

இருவரும் திரும்பினோம்.

"அது எங்க தோட்டத்துல சீசா சீசாவா கெடக்கு லா. வெளியில எங்க அண்ணி ஒக்காந்திருக்கா. போய் எடுத்தாரச் சொல்லுங்க."

அண்ணி அப்போதே படகேறிப் போனாள். மறுநாள் காலை, கருவிகளை நான் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தபோது, முந்தானையில் சீசாவைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றாள். டாக்டர் முகர்ந்து பார்த்து, "இதுதான்," என்றார். தண்ணீர் கலந்து ஒரு துளி விட்டேன். துளி இறங்கிய இடமெல்லாம் தெளிந்தது. வெறும் உப்புத்தான், நஞ்சு இல்லை. டாக்டர் கதிரையில் பொத்தென்று உட்கார்ந்தார். நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

தவிட்டுக் கஞ்சியில் வீக்கம் வடிந்தது. மாதம் நிறைந்து பெண் குழந்தை பிறந்தது. அதைத் துடைத்து அஞ்சலையின் கையில் கொடுத்தபோது நல்ல வார்த்தை ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"மூணு நாளா என் தலமாட்டுலயே நின்னு பேசினீங்களே மிஸ்ஸி. என்ன தேடுறீங்கன்னு என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?"

இப்போது வார்டுக்கு நர்ஸ் வேலை பழக வரும் பெண்களே, உங்களிடம் மெஷின்கள் நிறைய இருக்கின்றன. இருந்தாலும் குழப்பம் வரும். வரும்போது, என்ன குழப்பம் என்பதைப் படுத்திருப்பவளுக்குப் புரியும் பேச்சில் அவளிடமே சொல்லுங்கள். நான் சொல்லாததால் அந்தக் குழந்தையை இழக்க ஒரு நாள்தான் மிச்சமிருந்தது.