ஐறீன் திருப்பிக் கேட்காத வெள்ளிக்கிழமை

ஐறீனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொல்லி என்னிடம் வராதீர்கள். நான் முர்ஷித், தெமட்டகொடைக்காரன். மட்டக்குளியில் ஓர் ஐஸ் தொழிற்சாலையில் கேபிள் பொருத்துகிறவன். அவள் கொட்டாஞ்சேனைக்காரி, அங்கே கரண்ட் அறைக்குப் பொறுப்பு. இத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது சிரித்த முகத்தோடு இருந்தாளா? வாயைத் திறந்தால் எரிந்து விழுவாள்.

அவளுடைய அரசாட்சி ரிலே என்கிற சாம்பல் நிறப் பெட்டி. லைனில் கோளாறு வந்தால் கண் மூடித் திறப்பதற்குள் கரண்டை வெட்டிவிடும். அம்புக்குறி பட்டன்களை அழுத்தி மெனுவுக்குள் மெனுவாக இறங்கினால், எந்த லைனில் எவ்வளவு ஓடுகிறது என்று அதன் சின்னத் திரையில் காட்டும். ஐறீனுக்கு அது போதாது. வயரைப் பெட்டியில் செருகி, லெப்டொப்பின் கறுப்புத் திரையில் பாஸ்வேர்ட் அடித்து, எழுத்தாலேயே கட்டளை கொடுப்பாள். 'ஓப்பன்' என்று அடித்தால் லைன் செத்துப்போகும். 'க்ளோஸ்' என்று அடித்தால் உயிர் வரும். ஊர்ப் பேச்சுக்கு நேர் எதிர். கடையை க்ளோஸ் பண்ணினால் எல்லாம் அடங்கும். லைனை க்ளோஸ் பண்ணினால் கரண்ட் பாயும்.

அதனால் யார் எதைச் சொன்னாலும் திருப்பிக் கேட்பாள். "உயிர் குடுக்கவா, எடுக்கவா? வாயால சொல்லுங்கோ." மொத்தத் தொழிற்சாலைக்கும் எரிச்சல். நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் வேறு யாரும் போட்டுவிடாதபடி சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டுவிட்டு வேலை செய்கிற வழக்கமெல்லாம் எங்கள் இடத்தில் கிடையாது. அவளுடைய அந்த வாய்தான் எங்களுக்குப் பூட்டு.

மனேஜர் ஸ்ரீஸ்கந்தராசாவுக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். வெள்ளவத்தையிலிருந்து சட்டை கசங்காமல் வருகிற மனுசன். கணக்குப் படித்தவர், கரண்ட் தெரியாது. அந்த வெள்ளிக்கிழமை காலை எல்லார் முன்னாலும் அவளை ஏசினார்.

"நான் சொன்னா சொன்னதைச் செய்யும். திருப்பிக் கேக்கிற வேலை இனி வேண்டாம்."

அவள் திரும்பிக் கரண்ட் அறைக்குப் போய்விட்டாள். வாயடைத்துப் போனாளே என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். எவ்வளவு மடையர்கள்.

அன்று பம்ப் அறை லைனை எனக்காக அவள் வெட்டிவிட்டிருந்தாள். நான் கேபிள் பெட்டியைத் திறந்து கையை உள்ளே விட்டபடி குந்தியிருந்தேன். வழக்கமாக அந்த நேரம் ஜும்ஆத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போய்விடுவேன். இன்னும் ஒரு முனைதானே, முடித்துவிட்டே ஓடலாம் என்று இருந்துவிட்டேன். அந்தப் பக்கமாகப் போன மனேஜர் என்னைக் கண்டு பயந்துவிட்டார். லைனை உண்மையிலேயே நிறுத்தியிருக்கிறாளா என்று அவருக்குச் சந்தேகம். கரண்ட் அறைக்குப் போன் போட்டு, பம்ப் லைனை உடனே க்ளோஸ் பண்ணச் சொன்னார். உள்ளே ஆள் இருக்கிறது என்று சொல்லவில்லை.

ஐறீன் 'க்ளோஸ்' என்று அடித்தாள். நிச்சயமா என்று திரை கேட்டது. ஆம் என்று அடித்தாள்.

வெடித்தது. கம்பிகளை முன்கூட்டியே நிலத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தபடியால் கரண்ட் பூமிக்குள் ஓடியது, ரிலேயும் உடனே வெட்டியது. அல்லாஹ் காப்பாற்றினான். ஆனால் வலது கை வெந்துபோனது. நான் தரையில் கிடக்க, இரண்டு பேரும் ஓடிவந்து என் தலைமாட்டில் நின்றுகொண்டு, க்ளோஸ் என்றால் என்ன அர்த்தம் என்று சண்டை பிடித்தார்கள். அவர் நிறுத்தத்தான் சொன்னாராம். அவர் சொன்னதைத்தான் அவள் செய்தாளாம். நாசமாய்ப் போக, எனக்கு உயிர் இருக்கிறதா என்று ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை.

இனி விரல்கள் மடங்காது என்று டொக்டர் சொன்ன பிறகு, ஒருநாள் அவள் வீட்டுக்கு வந்தாள். என் மனைவி ஹப்ஸா ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. தன்னில் பிழையே இல்லை, எல்லாம் மனேஜர் செய்த வேலை என்று ஐறீன் நீட்டி முழக்கினாள். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவர் பிழையாச் செல்றது உங்களுக்கு விளங்கல்லியா மிஸ்?"

மடங்காத என் விரல்களைப் பார்த்தாள்.

"விளங்கினது," என்றாள். "நிப்பாட்டச் சொன்ன லைனில கரண்ட் வந்து, அந்தாள் எல்லாருக்கும் முன்னால அவமானப்படட்டும் எண்டுதான் அடிச்சன். வெள்ளிக்கிழமைதானே. நீங்க பள்ளியில எண்டு நினைச்சன்."

ஹப்ஸா எழுந்துபோய் வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.