கூரை என்ற கட்டத்தில் நான் எழுதியது

தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றி ஒரு தெருவுக்கே முக்கால் மணி நேரம் சொற்பொழிவு ஆற்றியவன் நான். அந்தத் தெருவின் ஒரே அடிபம்பின் மேல் சாய்ந்துகொண்டுதான் ஆற்றினேன். எதிரே இருபது பெண்கள் குடத்தோடு நின்றார்கள். ஒருத்தர்கூடக் கலையவில்லை. பேச்சின் சக்தி என்று நினைத்துக்கொண்டு, 'மக்களிடையே அபாரமான எழுச்சி' என்று அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்பினேன். அவர்கள் காத்திருந்தது நான் நகர்வதற்காக என்பது புரிய ஒரு வாரம் ஆயிற்று.

அப்போது எனக்கு இருபத்துநாலு வயது. ஒரு பட்டமும் ஒரு ஜோல்னாப் பையும் இருந்தால் வறுமையை ஒழித்துவிடலாம் என்று நம்பியிருந்தேன். என்னை நம்பிச் சம்பளம் கொடுக்க ஒரு தொண்டு நிறுவனமும் இருந்தது. கள்ளக்குறிச்சிக்கும் வடக்கனந்தலுக்கும் நடுவில், வாய்க்கால் மேட்டில் இருந்த அந்தத் தெருவை முன்னேற்றும்படி அனுப்பினார்கள்.

தெருப் பெண்கள் பாதிப்பேர் கரும்புக்குக் களையெடுக்கப் போகிறவர்கள். அதில் ஒருத்திக்கு எட்டு மாதக் குழந்தை. வரப்பில் விட்ட குழந்தை ஒருநாள் உருண்டு வாய்க்காலில் விழுந்து, நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டது. வேலைக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரி பயந்துபோய், மூன்று மாதத்துக்குப் பிறகும் குழந்தையோடு வந்தால் வேலை கிடையாது என்று சொல்லிவிட்டார். புருஷன் கேரளா போனவர், போனவர்தான். வேலை போனால் அவள் அடுப்பு எரியாது.

அதனால் தெருவே சேர்ந்து குழந்தைகளுக்கு ஒரு பால்வாடி கட்டுவது என்று முடிவாயிற்று. வேலை முடிந்து வந்து, முறை வைத்து மண் மிதித்து, பதினோரு நாளில் சுவர் எழுப்பிவிட்டார்கள். நான் மேற்பார்வை பார்த்தேன், அதாவது எல்லோருக்கும் இடைஞ்சலாக நின்றேன். இனிக் கூரை மட்டும்தான். அதே மூன்று மாதக் கெடுவுக்குள் கூரையோடு கட்டடத்தைக் காட்டினால், குழந்தைகளுக்குச் சாப்பாடும் பார்த்துக்கொள்ள ஒரு ஆளும் கொடுப்பதாக அதிகாரி ஒருவர் சொல்லியிருந்தார். இல்லாவிட்டால் அது வேறு ஊருக்குப் போய்விடும்.

அதற்கான விண்ணப்பத்தில் 'கூரை' என்று ஒரு கட்டம். நான் பேனாவைத் திறந்தபோது அந்தக் குழந்தையின் அம்மா சொன்னாள்.

"மலையிலேர்ந்து புல்லு எறக்கிக்கினு வருவாங்க சார். அத்த வாங்கிப் போட்டா ரெண்டு நாள்ல முடிஞ்சிடும்."

"தற்காலிகத் தீர்வு மக்களைத் தற்காலிகமாகவே வைத்திருக்கும்" என்றேன். இந்த வாக்கியத்தை எங்கே படித்தேன் என்று நினைவில்லை. நானே எழுதியதாகவும் இருக்கலாம், அவ்வளவு மோசம்.

"நாலு வருசம் தாங்கும் சார். அதுக்குள்ள எம் புள்ள ஸ்கூலுக்கே போயிடும்."

நான் 'ஓடு' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். அந்த ஓட்டுக்கு அனுமதி வாங்க இரண்டு மாதம் அலைந்தேன். கடைசியில் லாரி கிளம்பிய வாரம்தான் இடஒதுக்கீட்டுப் போராட்டம் சாலைக்கு வந்தது. உளுந்தூர்பேட்டைப் பக்கம் வழிநெடுக வெட்டுப்பட்ட புளியமரங்கள் சாலைக்குக் குறுக்கே படுத்துக்கொண்டன. என் ஓடும் அங்கே நின்றுபோயிற்று. கெடு முடிய ஐந்து நாள் இருந்தது.

புரட்சிக்காரனுக்கு மரம் ஒரு தடையா? சைக்கிளை எடுத்தேன். முதல் மரத்தடியில் உட்கார்ந்திருந்தவர்கள், "எங்க போய்க்கினு இருக்க?" என்றார்கள். குழந்தைகள், ஓடு, வறுமை எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்கள். பிறகு ஒருவர், "எங்க புள்ளைங்களுக்கும் சேத்துத்தான்டா தம்பி இங்க குந்தியிருக்கோம். ரெண்டு கோஷம் போட்டுட்டுப் போ" என்றார். நியாயமாகப் பட்டது. போட்டேன். அவர்களே சைக்கிளைத் தூக்கி மறுபக்கம் வைத்தார்கள். அடுத்த மரத்திலும் அப்படியே. ஏழாவது மரம் வந்தபோது தொண்டை போயிருந்தது. ஆனால் கோஷம் சுத்தமாகப் பாடமாகியிருந்தது. அவர்கள் கேட்காமலேயே கையைத் தூக்கினேன்.

உளுந்தூர்பேட்டையில் என் லாரியைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. நின்றிருந்த லாரிகளுக்கு நடுவே எங்கே பார்த்தாலும் ஓட்டு அடுப்பு. மும்மூன்று ஓடாக அடுக்கி, மேலே குண்டான் வைத்துச் சோறு பொங்கிக்கொண்டிருந்தார்கள். என் ஓடு.

"கல்லு கெடைக்கல சார், கைமாத்தாத்தான் குடுத்தேன்" என்றார் டிரைவர். "இன்னா பண்றது, எல்லாரும் பசியில கெடக்கறாங்க. நீங்களும் ஒரு வா துன்னுட்டுப் போங்க."

தின்றேன். மறுக்கிற மாதிரி இல்லை அந்தக் குழம்பு. ஏழை மக்களின் சுயமுன்னேற்றத்துக்காக நான் போராடி வாங்கிய ஓடு, பசித்த மனிதர்களுக்கு நேரடியாகப் பயன்பட்டது அன்று ஒருநாள்தான். சாட்சிக்கு ஒரு ஓட்டை கேரியரில் கட்டிக்கொண்டு திரும்பினேன். மூன்றாவது மரத்தில் அது இரண்டாயிற்று.

மறுநாள் தெருவுக்குப் போய், தோல்வியை எப்படி அறிவிப்பது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தபடி வளைவில் திரும்பினால், பால்வாடியின் மேல் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கீழேயிருந்து புல்கட்டு பறந்தது, மேலே ஒரு கை பிடித்தது, கேலியும் சிரிப்புமாக ஒரே சத்தம்.

நடந்தது இதுதான். கல்வராயன் மலையிலிருந்து மூங்கிலும் புல்லும் சுமந்து சந்தைக்கு இறங்கியவர்களுக்கு, மறியலால் வாங்க ஆளில்லை. தெருப் பெண்கள் நேரே போய்ப் பேசியிருக்கிறார்கள். மலைக்காரர்கள் புல்லுக்கு விலையோ வேலைக்குக் கூலியோ கேட்கவில்லை. சந்தைக்கு வந்தால் படுக்க இடமில்லாமல் கடைவாசலில் விரட்டு வாங்குகிறவர்கள். சந்தைநாளில் இந்தக் கூரைக்கடியில் தலைசாய்க்க விட்டால் போதும் என்றார்களாம். பகலில் குழந்தைகள், சந்தை ராத்திரியில் அவர்கள். நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இந்த ஏற்பாடு இல்லை.

"மேல வரட்டுமா?" என்று கேட்டேன்.

மேலே இருந்த மலைக்காரப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "வாணாங்க. மூங்கிலு புதுசு." கீழே நார் நனைக்கும் வேலை கொடுத்தாள். வாழ்க்கையில் நான் ஒழுங்காகச் செய்த முதல் வேலை அது.

கடைசி நாள் அதிகாரி வந்தார். ஜீப்பை எங்கோ மரத்துக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு, செருப்பைக் கையில் பிடித்தபடி நடந்து வந்தார். உள்ளே நுழைந்து, "ஸ்... இன்னாம்மா இப்படி ஜில்லுன்னு கீது" என்று குழந்தைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் சாய்ந்தார். அப்புறம் குறட்டை. வாய்க்காலில் விழுந்து பிழைத்த குழந்தை அவர் பாக்கெட்டிலிருந்த பேனாவை உருவிச் சப்பிக்கொண்டிருந்தது. ஒருத்தரும் மூச்சுவிடவில்லை. அந்தப் பேனாவில்தான் கையெழுத்து இருந்தது.

எழுந்ததும் விண்ணப்பத்தைப் பார்த்தார். "கூரைன்னுதான கேட்டோம். ஓடுன்னு யார் எழுதச் சொன்னது?"

தெரு மொத்தமும் என்னைப் பார்த்தது. அவர் எச்சில் பேனாவால் என் அடிக்கோட்டையும் சேர்த்து அடித்து, 'புல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை காலையில் அந்தக் குழந்தையின் அம்மா அதைப் பால்வாடியில் விட்டுவிட்டு, களைக்கொத்தோடு கிளம்பினாள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். சும்மா இருந்திருக்கலாம். கூடவே நாலடி நடந்து, "நான் வராமல் இருந்திருந்தால் இது நடந்திருக்குமா?" என்று கேட்டேன்.

அவள் நின்று, நிஜமாகவே யோசித்தாள்.

"நடந்திருக்கும் சார். ரெண்டு மாசம் முன்னாடி நடந்திருக்கும்."