தேதி போடாத கார் சீட்

கைபேசி பேசுவதற்கு மட்டுமே இருந்த ஆண்டுகளில், சட்டைப்பையில் அடங்கும் கணினி ஒன்று வைத்திருந்தேன். செய்ய வேண்டியவற்றை அதில் எழுதித் தேதி போட்டால், அந்த நாள் காலையில் மணி அடிக்கும். தேதி போடாதவை பட்டியலின் அடியில், தேதிக்கான இடத்தில் சிறு கோட்டுடன் சத்தமில்லாமல் கிடக்கும்.

மனைவி கருவுற்றது உறுதியானதும் தொட்டில், காரில் குழந்தையை வைத்துக் கட்டும் கார் சீட், போர்வை, குழந்தைக் காப்பகத்தில் பதிவு என்று எழுதிக்கொண்டே போனேன். அவள் எட்டிப் பார்த்தாள்.

“தேதி போடாதீங்க. பொறக்கறதுக்கு முன்னாடி எதையும் வாங்கக் கூடாது.”

“வாங்கலையே. எழுதித்தானே வைக்கிறேன்?”

“எழுதுங்க. தேதி மட்டும் வேண்டாம்.”

எல்லாவற்றுக்கும் கோடு விழுந்தது. மருத்துவர் சொன்ன ஏப்ரல் நாளில் மட்டும் ‘பிரசவம்’ என்று அவளுக்குத் தெரியாமல் குறித்துக்கொண்டேன்.

மார்ச் மாதம் ஒரு காலை மணி அடித்தது. ‘காருக்கு ஆயில் மாற்று’. அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே குளியலறையிலிருந்து அவள் குரல் வந்தது.

“இங்க வாங்க. பனிக்குடம் உடைஞ்சிடுச்சு.”

“இன்னும் அஞ்சு வாரம் இருக்கே!”

“அதை உள்ள இருக்கறதுகிட்ட சொல்லுங்க.”

மாலைக்குள் மகள் பிறந்துவிட்டாள். என் முன்கை நீளம்தான் இருந்தாள். தானாக மூச்சுவிடுகிறாள் என்று மூன்று பேர் தனித்தனியாகச் சொன்ன பிறகும் நாலாவது ஆளிடம் கேட்டேன். ஆஸ்பத்திரியைத் தவிர வேறெதுவும் அந்த வாரம் நினைவில் இல்லை.

வாரக் கடைசியில் தாதி புன்னகையுடன் வந்தார். இருவரும் இன்றே வீட்டுக்குப் போகலாம், கார் சீட் எங்கே என்றார். இல்லை என்றேன். புன்னகை போய்விட்டது. அப்படியானால் தாய் போகலாம், கார் சீட் இல்லாமல் குழந்தையை அனுப்ப இங்கே விதி இல்லை என்றார். மனைவி மாட்டிய குளிர்ச்சட்டையைக் கழற்றாமல் அப்படியே கட்டிலில் உட்கார்ந்தாள்.

நாங்கள் குடியிருந்த வில்லரே பகுதியில், எங்கள் மாடிவீட்டு யாழ்ப்பாணத்து அக்காவைத் தொலைபேசியில் அழைத்தேன்.

“என்ன தம்பி, இன்னும் சீட் வாங்கேல்லையோ? கொம்பியூட்டர் வேலை செய்யிற ஆள், பிள்ளைக்கு ஒரு கதிரை வாங்கத் தெரியேல்லை! என்ரை கடைக்குட்டியின்ரை கிடக்கு, வந்து எடுங்கோ. பேந்து திருப்பித் தந்தால் போதும்.”

போய்ச் சேர்ந்தபோது, துடைத்த சீட்டுடன் படியில் நின்றார்.

“கார்டெரியில பேர் குடுத்தாச்சோ?”

“குழந்தைக் காப்பகத்துலயா? இப்பதானே அக்கா பொறந்திருக்கு?”

“ஐயோ, வயித்தில இருக்கேக்கையே குடுக்கோணும்!”

ஆஸ்பத்திரியில் தாதி, சீட்டின் வாருக்கும் மகளின் தோளுக்கும் நடுவே விரலை நுழைத்துப் பார்த்தார். இரண்டாம் முறை இறுக்கினார். பிறகு கதவைத் திறந்துவிட்டார். வீடுவரை சைக்கிள் வேகத்தில் ஓட்டினேன். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள்.

ஏப்ரலில் ஒரு காலை, மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். நாற்காலியில் தொங்கிய என் சட்டையில் மணி அடித்தது. மனைவி திடுக்கிட்டு எழுந்து, நான் எட்டுவதற்குள் அதை எடுத்துவிட்டாள்.

திரையில்: ‘பிரசவம். இன்று.’

அதையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தாள். முகம் வெளுத்திருந்தது.

“தேதி போடாதீங்கன்னு சொன்னேன்ல?”