நடு ஆற்றில் படுத்த பசு

அன்று சாயங்காலம் கூடத்தில் இருந்தவர்கள் ஆறு பேர். சுவரோரம் பாயில் மதினி. வாசல் பக்கத்து நாற்காலியில் அவளுடைய அண்ணன், எனக்கு அத்தான் முறை. மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சித்தப்பா. எதிர்வீட்டு அக்கா. துஷ்டி வீட்டில் துக்கம் கேட்க வந்திருந்த வாடகைப் புத்தகக் கடை அண்ணாச்சி. கையில் புத்தகத்தோடு நான். அண்ணனின் படத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அண்ணன் இறந்து ஆறாவது நாள். விக்கிரமசிங்கபுரத்தில் காலை ஷிப்டுக்குப் போனவர், மில் வாசலில் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடக் குனிந்தார், நிமிரவில்லை. சேதி வந்தபோது நான் திருநெல்வேலி டவுனில், வேலை பார்க்கிற பாத்திரக் கடையில், ஒரு குத்துவிளக்கை எடை போட்டுக்கொண்டிருந்தேன். எடையைச் சொன்னேன். தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று இன்னொரு தடவை போட்டுப் பார்த்தேன். அப்புறம்தான் பஸ் ஏறினேன். அழுகை வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னத்தையோ தொடுகிற மாதிரி இருக்குமே, ஆறு நாளும் அப்படித்தான் இருந்தது.

எங்கள் வீடுகளில் ஒரு சாவு விழுந்தால், பதினாறாம் நாள் விசேஷத்துக்குள் புராணம் வாசித்து முடிக்க வேண்டும். செத்தவர் போகிற வழி, இடையில் வருகிற ஆறு, பசுவின் வாலைப் பிடித்து அதைக் கடப்பது எல்லாம் அதில் வரும். இங்கே வாசிக்க வாசிக்க அங்கே அவர் நடப்பார் என்று நம்பிக்கை. வாசிப்பவர் பங்காளியாக இருக்க வேண்டும். தொடங்கிய புத்தகத்தைப் பாதியில் மூடக் கூடாது.

முதல் ஐந்து நாளும் ஆள் வரவும் போகவுமாக இருந்ததில் வாசிக்கத் தொடங்க முடியவில்லை. சித்தப்பாவுக்குக் கண்ணில் புரை. மிச்சமிருந்த பங்காளி நான்.

நான் ஒன்பதாம் வகுப்பு அரைப் பரீட்சையோடு நின்றவன். தமிழ் வாசிப்பேன். ஆனால் நாலு பேர் முன்னால் வாய்விட்டு வாசிக்கும்போது, பஸ் போர்டைப் படிக்கிற மாதிரி எழுத்து எழுத்தாகத்தான் போகும். அர்த்தம் கூட வராது. தடுக்கி விழாமல் வரியைக் கடந்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் கவலை. மதினி அண்ணனுடைய அலமாரியில் இருந்து பழுப்புத்தாள் அட்டை போட்ட புத்தகத்தை எடுத்துத் தந்தாள். அட்டை மேல் அண்ணன் கையெழுத்தில் 'புராணம்' என்று இருந்தது.

மூன்று பக்கம் நன்றாகவே போனது. ஒரு வியாபாரி சாகிறான், தூதர்கள் கூட்டிப் போகிறார்கள், வழியெல்லாம் முள்ளும் வெயிலும். ஆற்றங்கரையில் தூதர்கள் அவனை நிறுத்தி, பசு தானம் செய்ததற்குச் சீட்டு எங்கே என்று கேட்டார்கள். பூலோகத்தில் மறந்து வைத்துவிட்டேன் என்றான். அப்படியானால் போய் எடுத்து வா என்றார்கள்.

சித்தப்பா தலையை ஆட்டினார். "கேட்டுக்கிடுங்க. சீட்டு வேணும்."

அத்தான் மதினி பக்கம் குனிந்து, "மாட்டுக்குப் பணம் குடுத்தோமே, சீட்டு ஏதும் தந்தாங்களா?" என்று கேட்டார்.

மதினி இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"நாளைக்கே வாங்கிருவோம்."

நான் நிறுத்தாமல் வாசித்தேன். ஆற்று மணலை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட்டதால் ஆழம் எங்கே, மேடு எங்கே என்று தூதர்களுக்கே தெரியவில்லை.

"அங்கனயுமா?" என்றாள் எதிர்வீட்டு அக்கா.

வியாபாரி சீட்டை எடுத்து வந்து, பசுவின் வாலைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். நடு ஆற்றில் பசு படுத்துவிட்டது. அசை போட்டது. 'தாயே, இன்னும் எவ்வளவு நேரம்?' என்று கேட்டான். 'நீ என்னைக் கேட்டுக்கொண்டா பால் கறந்தாய்?' என்றது பசு.

அண்ணாச்சியிடம் இருந்து ஒரு சத்தம் வந்தது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார், தோள் குலுங்கியது. அழுகிறார் என்றுதான் நினைத்தேன். அவருக்காவது வருகிறதே என்றிருந்தது. துண்டை எடுத்தவர், "தம்பி, பைய மொதப் பக்கத்தைத் திருப்பும். உள்பக்கம் ஒரு முத்திரை இருக்கா பாரும்" என்றார்.

வட்டமாக, ஊதா மையில் இருந்தது.

"நம்ம கடைப் புத்தகம்லா! இது புராணம் இல்ல வே. புராணத்தைக் கேலி பண்ணுத கதை."

சித்தப்பாதான் விளக்கினார். மில்லில் இடைவேளையில் கதைப் புத்தகம் வைத்திருந்தால் மேஸ்திரி பிடுங்கிவிடுவாராம். பக்திப் புத்தகம் என்றால் கண்ணில் ஒற்றித் திருப்பித் தந்துவிடுவாராம். அதனால் அண்ணன் வாடகைக்கு எடுக்கிற புத்தகங்களுக்கு எல்லாம் பழுப்புத்தாள் போட்டு, பேரை மாற்றி எழுதிவிடுவார். "எனக்குத் தெரியும்லே. ஆனா இது அந்த மாதிரிப் புத்தகம் இல்லன்னு நெனச்சேன்."

"மூடுலே அத" என்றார் அத்தான்.

"மூடப்படாது. தொடங்கியாச்சு" என்றார் சித்தப்பா.

"கேலிக் கதைக்கு என்ன வே விதி?"

நான் புத்தகத்தை மூடவும் இல்லை, திறக்கவும் இல்லை. விரலை உள்ளே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அண்ணன் போகிற வழியை நான் கெடுத்துவிட்டேன் என்றுதான் தோன்றியது. உயிரோடு இருந்தபோது ஒரு உதவி செய்ததில்லை, செத்த பிறகு அவருக்கென்று வந்த ஒரே வேலையையும் இப்படிச் செய்துவிட்டேன்.

ஆறு நாளாகப் பேசாமல் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்த மதினி கேட்டாள். "அந்த ஆளு இப்ப எங்கன நிக்கான்?"

"நடு ஆத்துல, மதினி."

"அங்கன விட்டுட்டு எப்படி மூடுதது? வாசிங்க."

மறுநாளில் இருந்து இரண்டும் நடந்தது. எதிர்வீட்டில் கடன் வாங்கிய சரியான புராணம் அரை மணி நேரம், அப்புறம் அண்ணனின் புத்தகம் அரை மணி நேரம். புராணத்துக்குத் தலையாட்டியவர்கள் மற்றதற்கு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்கள். அத்தான் மட்டும் முற்றத்துக்குப் போய் நின்றுகொள்வார், கதவுக்கு இந்தப் பக்கம் காது இருக்கும்படி.

தடுக்காமல் வாசிக்க வேண்டுமே என்று மத்தியானங்களில் தனியாக வாசித்துப் பழகினேன். அப்போதுதான் அர்த்தம் வந்தது. அலமாரியில் இருந்த மற்றதையும் பிரித்தேன். 'வழிபாட்டு முறை' என்று எழுதியிருந்ததற்குள் ஒரு மந்திரவாதி. ஏழு கடல் தாண்டி ஒரு கிளிக்குள் உயிரை ஒளித்து வைத்தவன். எதிரிகள் ஒன்றும் செய்யவில்லை. கிளிக்கு இருமல் வந்ததா, பூனை வந்ததா, கூண்டைப் பூட்டினோமா என்று கவலைப்பட்டே இளைத்துப்போகிறான். ஏழு கடலையும் நாளுக்கு இரண்டு தடவை தாண்டுகிறான். இதை எழுதின ஆளிடம் என்னைப் பற்றி யார் சொன்னது என்று அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கடைப் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்து, பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பி வந்து நாலாவது தடவையும் இழுத்துப் பார்க்கிறவன் நான்.

இந்த மாதிரிப் புத்தகங்களைச் சின்னப் பிள்ளை விஷயம் என்று ஒதுக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்குப் பெரிதாகச் சொல்லத் தெரியாது. பேய், பூதம், எமன் எல்லாம் வருகிற கதையில் பயப்படுகிற இடத்தில் சிரிக்க வைத்துவிடுகிறான் எழுதியவன். பயம் அங்கேயேதான் இருக்கிறது, ஆனால் பக்கத்தில் உட்கார இடம் கிடைக்கிறது. நான் சிரித்தேனா என்றால், இல்லை. இது சிரிப்பு வருகிற இடம் என்று தெரிந்தது, அவ்வளவுதான். அண்ணன் இந்த இடத்தில் சிரித்திருப்பார் என்று குறித்துக்கொண்டேன்.

பதிமூன்றாம் நாள் புத்தகம் முடிந்தது. பசு இன்னும் எழுந்திருக்கவில்லை. கடைசி வரிக்குக் கீழே, மீதி இரண்டாம் பாகத்தில் என்று அச்சடித்திருந்தது.

மதினி அன்றைக்குச் சாப்பிடவில்லை. "பதினாறுக்குள்ள கரை ஏத்திரணும்" என்று மட்டும் சொன்னாள்.

அண்ணாச்சி கடை நோட்டைப் புரட்டினார். இரண்டாம் பாகத்தை எடுத்துப் போனவர் அம்பாசமுத்திரத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, புத்தகத்தோடு சொந்த ஊரான ஆழ்வார்திருநகரிக்கே போய்விட்டார். மறுநாள் விடியவும் கிளம்பி, பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன். தீட்டுக்காரன் என்பதால் கேட்டுக்கு வெளியிலேயே நின்று கூப்பிட்டேன்.

"உள்ள வாங்கோ."

"வரப்படாது சார். அண்ணன் தவறிப் பதினாறு ஆகல."

விஷயத்தைச் சொன்னேன். அவர் இரண்டு தடவை கேட்டார், நம்பவில்லை. அப்புறம் புத்தகத்தோடு வந்தவர் கேட்டிலேயே நின்று ஒரு பக்கத்தைப் பிரித்து வாசித்தார், சிரித்தார். "கொடுக்கறேன். கடைக்காரரண்ட நூத்தம்பது ரூபா டெபாசிட் கட்டியிருக்கேன். அதை நீங்க குடுத்துடுங்கோ, அவரண்ட வாங்கிக்கலாம்."

பணத்தைக் காம்பவுண்டு சுவர் மேல் வைத்தேன். புத்தகத்தை அவரும் அதே சுவரில் வைத்தார்.

"முடிவைச் சொல்லட்டுமா?"

"வேண்டாம் சார்."

எதற்கும் முடிவு தெரியாமல் தூக்கம் வராதவன் நான். ஆனால் அதை அங்கே கூடத்தில் வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது. பஸ்ஸில் கடைசித் தாள் கிழியாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். ஸ்ரீவைகுண்டம் தாண்டியதும் இன்னொரு தடவை பார்த்தேன்.

அன்றைக்குப் பாதி. பதினைந்தாம் நாள் சாயங்காலம் மீதி. அத்தானும் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார். வியாபாரி பசுவைக் கெஞ்சுகிறான், பாடுகிறான், மிரட்டுகிறான், தன் கணக்கு வழக்கை எல்லாம் அதனிடம் ஒப்பிக்கிறான். பசு அசை போடுகிறது. கடைசிப் பக்கத்தில் அவனுக்குக் கை வலித்து, வாலை விட்டுவிடுகிறான். எழுந்து நிற்கிறான். தண்ணீர் முழங்கால் அளவுதான் இருக்கிறது. நடந்து போகிறான்.

புத்தகத்தை மூடினேன்.

"முழங்கால் அளவுதானா?" என்றாள் மதினி.

"ஆமா மதினி."

மூக்கு வழியாக ஒரு சிரிப்பு வந்தது அவளுக்கு. ஒன்றே ஒன்று. "கரை ஏறிட்டாருலா?"

"ஏறிட்டாரு."

"போதும்" என்று எழுந்து விளக்கேற்றப் போனாள். நான் புத்தகத்தை மடியில் வைத்தபடி இருந்தேன். கன்னம் இன்னும் மரத்துத்தான் இருந்தது.

விசேஷத்துக்கு வந்த அண்ணாச்சி, அண்ணன் எடுத்த புத்தகங்களுக்கு வாடகை ஒன்றும் வேண்டாம், துஷ்டி வீட்டில் அதைப் பேசப்படாது என்றார். நான் ஆழ்வார்திருநகரியில் கொடுத்ததில் ஐம்பது ரூபாயைச் சட்டைப் பையில் இருந்து எடுத்துத் தந்தார். மிச்சத்தைக் கடைப் பக்கம் வரும்போது தருகிறேன் என்றார். இரண்டு தடவை போனேன். கேட்க வாய் வரவில்லை, ஒவ்வொரு தடவையும் ஒரு புத்தகம் எடுத்துக்கொண்டு வந்தேன். அவர் எனக்குத் தர வேண்டியது இன்னும் நூறு ரூபாய்.