சும்மா வரிசையில் பிறந்த குட்டி

ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்குச் சிலந்தியம்மா என்று பேர். உலகமே துடைப்பத்தால் அடித்து விரட்டுகிற பிராணிக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு போடுவதுதான் அவள் வேலை. காலையில் போனதும் குப்பி குப்பியாகத் திறந்து ஆளுக்கொரு ஈ, கொஞ்சம் நனைத்த பஞ்சு. ஒரு குப்பியில் இரண்டை விட்டால் ஒன்றையொன்று தின்றுவிடும். அந்த விஷயத்தில் அவை நம் சொந்தபந்தங்களைவிட ஒளிவுமறைவு இல்லாதவை.

அவள் ஒரு நிமிடம் உட்காரமாட்டாள். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள். ஆனால் கை மட்டும் இம்மியும் நடுங்காது. அதனால்தான் பேராசிரியர் ஊசி போடும் வேலையையும் அவளிடமே கொடுத்தார். தாய்ச் சிலந்தியின் வயிற்றில், மயிரிழை போன்ற ஊசியால், ஒரு பொட்டு மருந்து. தாய்க்கு ஒன்றும் ஆகாது. வலை பின்னும், தின்னும், முட்டையிடும். பிறக்கிற குட்டிகளுக்குத்தான் கால் பாதியில் நின்றுபோகும். காலை வளரச் சொல்லும் கட்டளை எது என்று கண்டுபிடிக்க, அதன் வாயை அடைத்துப் பார்க்கிறார்கள். வேறொரு மருந்து போட்டால் எட்டுக்குப் பதில் பத்துக் காலோடு குட்டி பிறக்கும். வயிற்றிலும் கால் முளைக்க இடம் உண்டாம். இன்னொரு கட்டளை அதை அதட்டி அடக்கி வைத்திருக்கிறதாம்.

முட்டையை எண்ணெயில் போட்டுப் பார்த்தால் உள்ளே மொட்டு மொட்டாக இரண்டு வரிசை தெரியும். முதல் ஜோடி கடிக்கிற பல்லாகும், அடுத்தது தடவிப் பார்க்கிற கையாகும், அதற்குப் பின்னால் நான்கு ஜோடிக் கால். வயிற்றில் வருகிற மொட்டுகளில் சில, நூல் விடுகிற காம்பாகிவிடும். எல்லாம் முதலில் ஒரே மாதிரி மொட்டுதான். எத்தனை வருஷம் பார்த்தும் அவளுக்கு அது அலுக்கவில்லை, மகளுக்கு ஐந்தாம் மாத ஸ்கேன் எடுக்கும்வரை.

குழந்தையின் இடது கையில் மணிக்கட்டுக்குக் கீழே எதுவும் தெரியவில்லை. மற்றபடி இதயம், மூளை, கால் எல்லாம் நன்றாக இருப்பதாக டாக்டர் சொன்னார். மகளின் மாமியார் காரில் ஏறும்வரைகூடப் பொறுக்கவில்லை. வினை விதைத்தால் வினைதானே அறுக்க வேண்டும், வாயில்லா ஜீவன்களின் காலை முடக்கிய பாவம் பேரப்பிள்ளை தலையில் விடிந்திருக்கிறது, பேசாமல் கலைத்துவிடலாம் என்றாள். அன்றிலிருந்து மகள் அம்மாவின் போனை எடுக்கவில்லை.

சம்பந்தியம்மாவின் பேச்சை மட்டும் என்றால் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டிருப்பாள். ஆனால் பேராசிரியர் எப்போதோ சொன்ன ஒன்று தொண்டையில் முள்ளாக நின்றது. சிலந்தியின் காலை வளர்க்கிற கட்டளைக்கு மனித உடம்பிலும் ஒரு பங்காளி உண்டாம். போதாதா? தாய்க்கு ஊசி, குட்டிக்குக் குறை. இதைத் தன் கையாலேயே செய்கிறவளுக்குத் தூக்கம் எங்கிருந்து வரும்? உலை வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்க மறந்தாள். பாதி கூட்டிவிட்டுத் துணி மடிக்கப் போனாள். உட்கார்ந்தால் எழுந்தாள், எழுந்தால் போனைப் பார்த்தாள். இடியே விழுந்தாலும் அசையாத அவள் கணவர்கூட, நீ நடக்கிற நடைக்கு எனக்குத் தலை சுற்றுகிறது என்றார்.

ஆராய்ச்சிக்கூடத்தில் ஓர் அலமாரித் தட்டைச் சும்மா வரிசை என்பார்கள். அங்கே இருக்கிற தாய்களுக்கு மருந்தும் கிடையாது, ஊசியும் கிடையாது. மற்றதோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக எதுவும் செய்யாமல் விட்டவை. அன்று அந்த வரிசையில் ஒரு முட்டைப் பையைப் பிரித்தாள். பொரிந்து கிடந்த குட்டிகளில் ஒன்றுக்கு இடப்பக்க முன்னங்கால் பாதிதான் இருந்தது. குப்பியை மாற்றி வைத்துத் தொலைத்தோமோ என்று ஓடிப்போய்ப் பேராசிரியரை அழைத்து வந்தாள். அவர் மைக்ரோஸ்கோப்பில் ஒரு பார்வை பார்த்தார். எப்போதாவது இப்படி ஒன்று வரும், யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை, வளரும்போது எங்கேயோ தடுக்கிவிடும் என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார்.

வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் பஸ் ஏறினாள். உட்கார இடம் இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டே போனாள்.

கதவைத் திறந்த சம்பந்தியம்மா கோட்டைப் பார்த்து முகத்தைச் சுளித்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். இவள் நேராக மகளின் அறைக்குள் நுழைந்து, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவளிடம் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். மகள் மெல்லத் திரும்பினாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

"நீ தொடாததுலயும் வருமா?"

"வரும்டி. யாருமே தொடலை. சும்மா இருந்ததுலயே வந்திருக்கு."

மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்படி வர்றதை என்ன பண்ணுவீங்க?"

இந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. தன் மேல் தப்பில்லை என்று சொல்லத்தானே இவ்வளவு தூரம் ஓடிவந்தாள்? ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. பெற்ற மகளிடம் அதைச் சொல்ல மனசு வரவில்லை.

"தூக்கிப் போட்டுடுவோம்" என்றாள்.

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. மகள் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்து, மாமியாருக்கும் கேட்கட்டும் என்பதுபோல் உரக்கச் சொன்னாள்.

"நான் போட மாட்டேன்மா. இது பிறக்கட்டும்."