தோல் டாக்டரின் போர்டு

இன்று மயிலாப்பூரிலிருந்து ரிக்‌ஷா பிடித்து, அக்காவைத் தேனாம்பேட்டைத் தோல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். பாவாடை நாடா இறுக்கும் இடத்தில் அவளுக்கு ஆறாத புண். மஞ்சள் பற்றுப் போட்டே ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டாள்.

வாசல் போர்டில் 'தோல் நோய், பால்வினை நோய்' என்றிருந்தது. அக்கா நின்றுவிட்டாள்.

"யாராவது பார்த்தா என்னடி நெனச்சுப்பா? ஆத்துக்குப் போயிடலாம் வா."

இழுக்காத குறையாக உள்ளே அழைத்துப்போனேன்.

டாக்டர் பார்த்துவிட்டு, "நாடா உரசி உரசியே இப்படிப் புற்று வர்றதுண்டும்மா. சதை எடுத்துப் பார்த்தாத்தான் நிச்சயமாத் தெரியும். அடையாறுல ஸ்பெஷலிஸ்ட் இருக்கார், உடனே போங்கோ. அப்பவே வந்திருக்கப்படாதா?" என்றார்.

வெளியே வந்தால், எதிராத்து மாமி! கண் அந்தப் போர்டின் மேலேயே இருந்தது.

"இங்க எங்கேடி வந்தேள்?"

அக்கா என் காதோரம் அவசரமாகச் சொன்னாள்: "கான்சர்னே சொல்லிடுடி."

நான் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். நீங்களாயிருந்தால் சொல்லியிருப்பீர்களா?