அரச மரத்தடியில் என் அம்மோனைட்

எங்கள் பக்கத்து மலையில் எங்கே உடைத்தாலும் கருங்கல்தான் வரும். ஒரு சிப்பி, ஒரு நத்தை ஓடு கிடையாது. அதனால்தான் மார்க்கையன்கோட்டையில் எங்கள் வீட்டாருக்கு நான் கொண்டுவந்தது என்னவென்று தெரியாமல் போயிற்று என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சமாதானம் சொல்லிவந்தேன். அந்தச் சமாதானம் பொய். நான் சொல்லியிருந்தேன். ஒன்றுக்கு இரண்டு தடவை சொல்லியிருந்தேன்.

எழுபதுகளின் கடைசி. திருச்சியில் விடுதியில் தங்கி ஜியாலஜி படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் பெண்கள் இரண்டே பேர். பாறை பார்க்க அரியலூர் பக்கம் கூட்டிப்போனார்கள். டைனோசர்கள் நடமாடிய காலத்தில் அங்கே கடல் இருந்தது. அந்தக் கடலின் சேறுதான் இப்போது ஓடைக்கரைகளில் மஞ்சள் பாறையாக நிற்கிறது. முட்டிபோட்டு உட்கார்ந்து, சுத்தியலும் உளியுமாக அரை நாள் போராடி நான் பெயர்த்தெடுத்தது ஒரு அம்மோனைட். கணவாய்க்குத் தூரத்து உறவான கடல் உயிர், கல்லாகிப் போனது. சாப்பாட்டுத் தட்டில் பாதி அகலம். சுருள் சுருளாக உள்ளே போகும் ஓடு. அதன் மேல் கீரை இலையின் விளிம்பு மாதிரி நெளிநெளியாக மெல்லிய கோடுகள். அந்தக் கோடுகளை வைத்துத்தான் அது எந்த இனம் என்று சொல்ல முடியும்.

பேராசிரியர் பூதக்கண்ணாடி வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். "இது நம்ம அலமாரியில இல்லாத இனம் மாதிரி இருக்கே. லீவுல இந்தக் கோடுகளையெல்லாம் வரைஞ்சு, கல்லோட கொண்டாங்க. எம்.எஸ்ஸி. சீட்டுக்கு நானே சிபாரிசு எழுதுறேன்" என்றார். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தேன்.

"என்ன ஆத்தா, பாம்பு சுருண்டு கெடக்கு?" என்றாள் அம்மா.

"பாம்பு இல்லம்மா. கடல்ல இருந்த உயிரு. இத வச்சுத்தான் எனக்கு மேல படிக்க எடம்."

டிரேசிங் தாளை மேலே வைத்துக் கோடுகளைப் பாதி வரைந்திருந்தேன். அதற்குள் கம்பத்தில் அத்தை வீட்டு விசேஷம் வந்தது. "யாரும் தொடாதீக, அது என் படிப்பு" என்று மறுபடியும் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். இரண்டு நாள் கழித்துத் திரும்பினால் மேசையில் தாள் மட்டும் இருந்தது.

எனக்கு நாகதோஷம் என்று ஜாதகம் சொன்னது. கல்யாணம் தள்ளிப்போகுமாம். எங்கள் பக்கம் அதற்கு நாகர் சிலை செதுக்கி, ஒரு மண்டலம் தண்ணீரில் போட்டு வைத்து, அரச மரத்தடியில் நிறுத்துவார்கள். எனக்குச் செதுக்குகிற வேலையே இல்லாமல் போயிற்று.

"சோசியர் வந்தாக. கல்லப் பாத்ததும் கையெடுத்துக் கும்பிட்டாக" என்றாள் அம்மா, முகமெல்லாம் சிரிப்பாக. "உளியே படாத சுயம்பு நாகருன்னு சொன்னாக. தண்ணியில கூடப் போட வேணாம், இந்த வெள்ளிக்கெழமையே வச்சிருங்கன்னுட்டாக."

உளியே படாததாம்! என் உள்ளங்கைக் கொப்புளம் இன்னும் ஆறவில்லை.

வாய்க்கால் கரை அரச மரத்துக்கு ஓடினேன். மஞ்சளும் குங்குமமும் அப்பி, என் கல் சிமெண்டில் நின்றது. பால் வழிந்துகொண்டிருந்தது. முந்தானையால் துடைத்துப் பார்த்தேன். கோடுகளைக் காணோம்.

"கோடெல்லாம் எங்கம்மா?" என்றேன், பின்னாலேயே வந்து நின்ற அம்மாவிடம்.

"அழுக்கடஞ்சு கெடந்துச்சு. சாமிய அப்பிடியே வைக்க முடியுமா? புளியும் செங்கப் பொடியும் போட்டு, குத்துவெளக்கு தேய்க்கிற மாதிரி நாந்தேன் தேய்ச்சேன். என்னா பளபளப்பு பாரு."

அது சுண்ணாம்புக் கல், புளி பட்டால் அரித்துவிடும்.

கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. அம்மாவோடு வந்திருந்த அப்பா என் கையைப் பிடித்து இழுத்தார். "நாலு பேரு பாக்குறாக. வீட்டுக்கு நட. அதுல கை வச்சே, ஒன்னய எவனும் கட்ட மாட்டான்."

நடந்தேன். அதுதான் இன்றும் எனக்கு ஆத்திரம். ஒரு கடப்பாரை எடுத்து நெம்பியிருக்க வேண்டாமா? மூன்று வருஷம் சுத்தியல் பிடித்த கைதானே இது?

பேராசிரியரிடம் பாதி வரைந்த தாளைக் கொடுத்தேன். கல் எங்கே என்றார். பஸ்ஸில் தொலைந்துவிட்டது என்றேன். தாயார் புளி போட்டுத் தேய்த்துவிட்டாள் என்று எந்த வாயால் சொல்வது? கல்லில்லாமல் இதை வைத்து என்ன செய்ய என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சிபாரிசுக் கடிதம் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த வைகாசியிலேயே எனக்குக் கல்யாணம் ஆயிற்று.

நாகர் வைத்த நாலாம் மாசமே வரன் அமைந்தது என்று அம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். அந்த மரத்தைச் சுற்ற இப்போது சின்னமனூரிலிருந்தெல்லாம் பெண்கள் வருகிறார்கள். படிப்பை நிறுத்தி வீட்டில் உட்காரவைத்த பெண்ணுக்கு வரன் அமைய நாகர் எதற்கு?

ஊருக்குப் போகும்போதெல்லாம் என்னையும் ஒன்பது சுற்று சுற்றிவரச் சொல்லி அனுப்புகிறாள். போகிறேன். சுற்றுவதில்லை. மஞ்சளை வழித்துவிட்டு நகத்தால் தடவிப் பார்க்கிறேன். ஒரே ஒரு கோடு மிச்சமிருந்தாலும் போதும், பெயர்த்து எடுத்துக்கொண்டு திருச்சிக்குப் பஸ் ஏறிவிடுவேன். இல்லை. துவைகல் மாதிரி வழவழவென்று இருக்கிறது.